கணவாய் ஏறி ஆத்தோரமா இறங்கணுமா? ஒரு நாள் டிரைவ் போறவங்களுக்கு

மேப்ல 180 கிலோமீட்டர்னு காட்டுதேன்னு மூணு மணி நேரத்துல போயிடலாம்னு கணக்கு போடாதீங்க. வளைவு ரோட்ல சராசரியா மணிக்கு 30 வந்தாலே பெருசு, முன்னாடி ஒரு லோடு லாரி மாட்டிக்கிச்சுன்னா அதுவும் போச்சு. ஒரு நாளைக்கு ஒரு கணவாய், மிஞ்சிப்போனா ரெண்டு, அதுக்கு மேல வேணாம்.

விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி கணவாயை காலையிலயே தாண்டிடுங்க, ஆத்துப் பக்கம் மதியத்துக்கு மேல பாத்துக்கலாம். வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கு காத்து சூடாகி மேல போய் குளுந்து மேகமாயிடும், அதனால காலைல பளிச்சுனு இருந்த உச்சி மதியம் ரெண்டு மணிக்கு ஒண்ணுமே தெரியாம மூடிக்கும். பனி உருகி ரோட்டுக்கு குறுக்க ஓடுற ஓடையும் அப்படித்தான், காலைல கணுக்கால் அளவு இருந்தது சாயங்காலம் முழங்காலுக்கு வந்து நிக்கும். 1000 மீட்டர் ஏறுனா சுமாரா 6 டிகிரி குறையும், ஸ்வெட்டரை டிக்கிக்குள்ள அடியில வைக்காம கைக்கு எட்டுற மாதிரி வைங்க. டேங்க் ஃபுல், மேப் ஆஃப்லைன்ல டவுன்லோட், இது ரெண்டும் முந்தின நாள் வேலை.

ஏறும்போது வண்டி திணறும், டர்போ இல்லாத இன்ஜின்னா 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் பவர் குறையும், கியரை குறைச்சு மெதுவா ஏறுனா போதும். இறக்கத்துலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க, இன்ஜினே வண்டிய பிடிச்சுக்கும். ஆட்டோமேட்டிக்னா எல் (லோ கியர்), அது இல்லேன்னா மேனுவல் மோடு போடுங்க. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறது சுத்த பைத்தியக்காரத்தனம். பிரேக்ல காலை வச்சுக்கிட்டே வராம, அழுத்தி வேகத்தை குறைச்சிட்டு விட்டுடணும். எலக்ட்ரிக் காரா, உச்சியில ஃபுல் சார்ஜ் போட்டுட்டு இறங்காதீங்க, பேட்டரி நிரம்பியிருந்தா ரீஜென் (மோட்டாரே வண்டிய இழுத்துப் பிடிச்சு பேட்டரிய சார்ஜ் பண்றது) சரியா பிடிக்காது.

நான் முதல் தடவை இறங்கினப்போ கருகுற வாசனை வந்துச்சு, வேற யார் வண்டியோன்னு நினைச்சேன், அடுத்த வளைவுல பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சு. பிரேக் ஆயில் பழசானா தண்ணிய இழுத்துக்கும், சூட்டுல அது கொதிச்சு குமிழியாகி பெடல் பிடிக்காது. அப்படி ஆனா கியரை குறைச்சு ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்க, சக்கரத்துல தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் வளைஞ்சிரும். டயருக்கு கல்லு முட்டு குடுத்தா கிளம்பும்போது அந்த கல்லை ஓரமா தூக்கி போட்டுட்டு போங்கப்பா, பின்னாடி வர்ற பைக்காரன் என்ன பாவம் பண்ணான்.

வளைவுக்கு முன்னாடி ஹாரன், குறுகலான இடத்துல ஏறி வர்ற வண்டிக்கு வழி, மூடுபனில லோ பீம். வாந்தி வர்றவங்களை முன் சீட்ல உக்கார வச்சு போனை வாங்கிடுங்க.

கீழ ஆத்தோரம் வந்ததும் மணல்ல வண்டிய இறக்காம மேட்டுலயே நிறுத்துங்க. தலைக்கு மேல வெயிலா இருந்தாலும் மேல மலைல மழை பெஞ்சிருக்கலாம். தெளிஞ்சு ஓடுன தண்ணி திடீர்னு கலங்கி சருகும் குச்சியுமா மிதந்து வந்துச்சுன்னா, செருப்பைக்கூட தேடாம பிள்ளைங்களை தூக்கிக்கிட்டு மேல ஏறிடுங்க.