பாட்டுக் கேட்கும், செயலிக்கு மட்டும் கண்ணாடி தெரியாது

கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய ஸ்மார்ட் கண்ணாடியோடு மூன்று நாள் போய்விட்டது. புளூடூத்தில் இணைந்து பாட்டும் கேட்டது. போனில் ஏற்றிய கண்ணாடியின் செயலியோ ‘சாதனம் இல்லை’ என்றே நின்றது. செயலியை அழித்து மறுபடி ஏற்றினேன், கஸ்தூரியார் வீதிக் கடையொன்றிலும் காட்டினேன். சரிவரவில்லை.

பாட்டு வந்ததுதான் என்னை ஏமாற்றியது. ஒலி போவது வழமையான புளூடூத்தில். செயலி தேடுவது குறைந்த மின்சக்தி புளூடூத்தில். ஆண்ட்ராய்ட் 6 முதல் 11 வரை அந்தத் தேடலுக்கு லொக்கேஷன் அனுமதி வேண்டும். 12 இலிருந்துதான் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற தனி அனுமதி. என் போன் 11. சார்ஜ் மிச்சம் பிடிக்க லொக்கேஷனை எப்போதும் மூடியே வைத்திருப்பேன். தம்பியின் புதுப் போனில் உடனே பிடித்தபோதுதான் பொறி தட்டியது.

பழைய இணைப்பை நீக்கி, லொக்கேஷனைத் திறந்து, அனுமதி கொடுத்து, இம்முறை செயலிக்குள்ளிருந்தே இணைத்தேன். அப்பாடா, பத்து வினாடியில் பிடித்துவிட்டது.