பேருந்தில் எழுதியிருக்கும் குறளில் எதுகை, மோனை, அணி பிடிப்பது எப்படி?

கவிதை படிக்கப் பிடிக்கும், ஆனால் எது எதுகை, எது மோனை என்று யாராவது கேட்டால் முழிப்பேன் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளியில் இதையெல்லாம் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் இலக்கணம், அப்புறம் சான்று, கடைசியில் ஐந்து மதிப்பெண். இங்கே பாட்டு முதலில் வரும், பெயர் பிறகு வரும்.

சென்னை மாநகரப் பேருந்துகளில் குறள் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு குறள் போதும். நான் எடுத்துக்கொள்வது இது:

இனிய உளவாக இன்னாத கூறல்
கனியிருப்பக் காய்கவர்ந் தற்று.

படி 1: வாய்விட்டுப் படியுங்கள்

மனசுக்குள் படித்தால் பாதி விஷயம் காதுக்கு எட்டாது. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் வரியில் நான்கு துண்டு, இரண்டாவதில் மூன்று. இந்தத் துண்டுக்குப் பெயர் சீர், வரிக்குப் பெயர் அடி. எல்லாக் குறளுக்கும் இதே ஏழு சீர்தான்.

‘காய்கவர்ந் தற்று’ என்று வெட்டியிருப்பது அச்சுப்பிழை இல்லை. சொல் ‘கவர்ந்தற்று’தான், ஓசைக்காகச் சீர் அங்கே முறிகிறது. சீர் வேறு, சொல் வேறு. இது பிடிபட்டால் பழைய பாட்டைப் பார்த்து வரும் பயத்தில் பாதி போய்விடும்.

படி 2: சீரை அசையாக உடையுங்கள்

அசை என்பது சீருக்குள் இருக்கும் ஓசைத் துண்டு. கொஞ்சம் நேரம் பிடிக்கும் படி இதுதான். ஆனால் விதி எளிது. நெடில் தனியே நிற்கும். குறில் தனியே நிற்கக் கூச்சப்படும். அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ இருந்தால் அதோடு சேர்ந்துகொள்ளும். புள்ளி வைத்த எழுத்து முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும், கணக்கில் வராது. தனியாக நின்றால் நேர், சேர்ந்து நின்றால் நிரை. அவ்வளவுதான்.

ஊர்ப் பெயர்களை வைத்துப் பழகலாம். கிண்டி: கிண் / டி, நேர் நேர். இந்த அமைப்பை நினைவில் வைக்க உதவும் பெயர், அதாவது வாய்பாடு, ‘தேமா’. மணலி: மண / லி, நிரை நேர், ‘புளிமா’. மாம்பலம்: மாம் / பலம், நேர் நிரை, ‘கூவிளம்’. பெருங்குடி: பெருங் / குடி, நிரை நிரை, ‘கருவிளம்’. ஈரசைச் சீர்கள் நான்கும் சென்னைக்குள்ளேயே முடிந்துவிட்டன. மூன்று அசை வேண்டுமா? வடபழனி: வட / பழ / னி. நிரை நிரை நேர், ‘கருவிளங்காய்’. திருவொற்றியூரை நீங்களே உடைத்துப் பாருங்கள். ‘புளிமாங்கனி’ வந்தால் சரி.

‘கருவிளங்காய்’ என்பதற்குத் தனியாக அர்த்தம் தேட வேண்டாம். அந்தச் சொல்லை உடைத்தாலும் நிரை நிரை நேர்தான் வரும். அதற்காகத்தான் அந்தப் பெயர்.

படி 3: எதுகை

இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். ‘இனிய’ என்று முதல் அடி தொடங்குகிறது, ‘கனி’ என்று அடுத்தது. இரண்டிலும் ‘னி’. இதுதான் எதுகை. கூடவே ஒரு நிபந்தனை: முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘பட்டு’க்குக் ‘கட்டு’ எதுகை, ‘பாட்டு’ ஆகாது. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பதில் ஆ, தே இரண்டும் நெடில், அதனால் பொருந்துகிறது.

காது ஏமாற்றும் இடமும் உண்டு. ‘சிறு துளி பெரு வெள்ளம்’ எதுகை மாதிரியே கேட்கும். நம் ஊர்ப் பேச்சில் ற, ர இரண்டும் ஒன்றாகிவிட்டன. எழுத்தில் பார்த்தால் ‘று’ வேறு, ‘ரு’ வேறு. சிறு, பெரு என்று எதிரெதிராக நிற்பதால் அது முரண் தொடை.

இதற்கு நேர்மாறாக, ஆட்டோவின் முதுகில் ‘பிரசவத்திற்கு இலவசம்’ என்று எழுதியிருப்பார்களே, அதைக் கவனியுங்கள். ர, ல இரண்டும் இடையினம் (ய, ர, ல, வ, ழ, ள). ஒரே எழுத்தாக இல்லாமல் ஒரே இனமாக வந்தால் அதற்கு இன எதுகை என்று பெயர். எழுதியவர் இலக்கணம் பார்த்து எழுதியிருக்க மாட்டார். காதுக்கு நன்றாக இருந்தது, எழுதிவிட்டார்.

படி 4: மோனை

இது முதலெழுத்து. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு.’ நம் குறளில் இனிய – இன்னாத, கனி – காய். ‘க’வுக்குக் ‘கா’ சரியா என்றால் சரி. அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ ஒன்று. உ, ஊ, ஒ, ஓ ஒன்று. மெய்யெழுத்தில் ச – த, ஞ – ந, ம – வ ஆகியவையும் தமக்குள் மோனையாகும்.

வரிக் கடைசியில் ஓசை ஒத்துவந்தால் அது இயைபு. சினிமாப் பாட்டில் அதிகம் கேட்பது இதுதான். பலர் அதைத்தான் எதுகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

படி 5: உவமையும் உருவகமும்

இனிப் பொருளுக்கு வருவோம். பொருளை அழகாக்கிச் சொல்லும் முறைக்குத்தான் அணி என்று பெயர். நல்ல சொல் இருக்கும்போது கடுஞ்சொல் பேசுவது, பழம் இருக்கும்போது காயைப் பறித்துத் தின்பதுபோல. ‘போல’ எங்கே என்று தேடினால், நாம் வெட்டிப் போட்ட ‘அற்று’தான் அது. உவம உருபு என்பார்கள். போல, அன்ன, நிகர்த்த என்று இதற்கு நிறைய உறவினர் உண்டு.

இதே குறளில் இனிய – இன்னாத, கனி – காய் என்று முரணும் இருக்கிறது. மோனைக்காக நின்ற சொற்களே முரணையும் சுமக்கின்றன. ஏழு சீருக்குள் இவ்வளவு வேலை நடக்கிறது என்பதை மனப்பாடம் செய்த நாளில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உருவகத்தில் ‘போல’ காணாமல் போகும். ‘மதிமுகம்’ உவமை: மதி போன்ற முகம். ‘முகமதி’ உருவகம்: முகமாகிய மதி. நடுவில் ‘போன்ற’ போட்டால் பொருந்துகிறதா, ‘ஆகிய’ போட்டால் பொருந்துகிறதா என்று சோதியுங்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் ‘கடல் போன்ற கூட்டம்’ என்றால் உவமை. ‘மனிதக் கடல்’ என்றால் உருவகம். ‘கூட்டம் அலைமோதியது’ என்பதில் கடல் என்ற சொல்லே இல்லை, ஆனாலும் கடல் உள்ளே இருக்கிறது. செய்தித்தாள் தலைப்பில் தினமும் படிக்கிறோம், உருவகம் என்று நினைப்பதில்லை.

படி 6: தற்குறிப்பேற்றம்

பெயர்தான் நீளம். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் புலவர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. இளங்கோவோ, அவை ‘வராதீர்கள்’ என்று கைகாட்டி மறிப்பதுபோல் ஆடின என்கிறார். கொடிக்கு என்ன தெரியும்? நடக்கப்போவது புலவருக்குத் தெரியும். அணிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

சிலேடை (ஒரே சொல்லில் இரண்டு பொருள்), அந்தாதி (ஒன்றின் முடிவே அடுத்ததன் தொடக்கம்) எல்லாம் பிறகு தானாகப் பிடிபடும். வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பாக உணர்த்தும் உத்திகளான உள்ளுறை, இறைச்சி இரண்டையும் சங்கப் பாடல்கள் கொஞ்சம் பழகிய பின் தொடுங்கள். இப்போதே போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

பயிற்சிக்கு நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் நல்ல இடம். 1976இல் திறந்தது, 1,330 குறளும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஏதாவது ஒன்றின் முன் நின்று முதல் ஐந்து படிகளையும் செய்து பாருங்கள். எல்லாக் குறளிலும் எல்லாம் கிடைக்காது. எதுகை மட்டும் கிடைத்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதுவரை வீட்டிலேயே ஒன்று: ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.’ இதில் எதுகை எங்கே, மோனை எங்கே? தாயும் – வாயும் எதுகை, வாயும் – வயிறும் மோனை. கூடவே ‘வேறு’ என்பதையும் மோனையில் சேர்த்திருந்தால், மேலே உள்ள கூட்டங்களை இன்னொரு முறை பாருங்கள்: ‘வா’ இருப்பது அகரக் கூட்டத்தில், ‘வே’ இருப்பது இகரக் கூட்டத்தில்.