பினோ நுவாருக்கு 12 நிமிட ஐஸ் தண்ணீர்

பினோ நுவார், காமே போன்ற குளிர்ப்பிரதேசச் சிவப்பு வைனை ஃப்ரிட்ஜில் மணிக்கணக்கில் வைக்க வேண்டாம். பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்தி 10–12 நிமிடம். சுமார் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். லேபிள் ஊறிப் பிய்ந்தால் போகட்டும்.

வெறும் ஐஸ் என்றால் கட்டிகளுக்கு இடையே காற்றுதான் நிற்கும். தண்ணீர் கண்ணாடியை முழுக்கத் தொட்டுச் சூட்டை இழுக்கும். ‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்பது ஐரோப்பாவின் பழைய வீடுகளுக்கு, 16–18 டிகிரிக்குச் சொன்னது. மே மாதச் சென்னையில் அப்படி ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முன்னே வரும், பழமணம் அமுங்கிவிடும்.

காபர்நே சாவிஞோன் மாதிரி துவர்ப்பு மிகுந்ததற்கு இவ்வளவு குளிர் ஆகாது. துவர்ப்பைத் தரும் டானின் நாக்கைப் பிடிக்கும். வண்டல் படிந்த பழைய பாட்டிலை அசைக்காமல் ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைப்பதே சரி.