மழைத்தோட்டச் செலவைக் கூட்டிவிடும் தவறுகள்

மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீரை அரையடிப் பள்ளத்தில் தேக்கி, செடிகளின் வேர்வழியே நிலத்துக்குள் இறக்குவதுதான் மழைத்தோட்டம். இதற்கான செலவை விசாரிப்பவர்கள் பலரும் நர்சரியில் செடி விலை கேட்டுத் தொடங்குகிறார்கள். ஆனால் பெரும்பணம் மண்ணில்தான் போகிறது.

திசையன்விளைப் பக்கத்துச் செம்மண்ணில் ஊற்றிய நீர் நிற்பதில்லை என்பதால், பெரும்பாலும் வெட்டுக்கூலியோடு வேலை முடிந்துவிடும். சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலிலோ நூறு சதுர அடியை இரண்டடி தோண்டி மண் மாற்றுவதென்றால், இரண்டு யூனிட் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி) மண்ணை வெளியேற்றி, மணலும் தொழுவுரமுமாக ஒன்றரை யூனிட் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். கூலி, வண்டி வாடகை, மணல் விலை மூன்றும் சேர்ந்துகொள்ளும். கரிசல்காரர்கள் மண் மாற்றுவதைவிட, ஆழத்தைக் குறைத்துப் பரப்பைக் கூட்டுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே மண்ணைச் சோதிக்காமல் யாரிடமும் மதிப்பீடு கேட்காதீர்கள். ஓரடிக் குழி வெட்டி நீர் நிரப்பிப் பாருங்கள். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசல் முதல் தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடும். ஈரத்தில் மண் உப்பியதும் அந்த வெடிப்புகள் மூடிக்கொள்ளும். எனவே இரண்டாம் முறை நிரப்பிய நீர் ஒரு நாளுக்குள் வடிகிறதா என்பதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

அளவிலும் பலர் தவறுகிறார்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் இறங்கும். நூறு சதுர அடியுள்ள அரையடிப் பள்ளம் சுமார் 1,400 லிட்டர்தான் கொள்ளும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அத்தகைய மழையை நினைத்துப் பள்ளத்தைப் பெரிதாக்குவது வீண்செலவு. மிகைநீர் தெருப்பக்கம் வழிந்தோட ஒரு வாய்க்கால் போதும். அதை விட்டுவிட்டாலோ, சுவரிலிருந்து பத்தடி தள்ளாமல் வெட்டினாலோ, அஸ்திவாரப் பழுது தோட்டத்தைவிடப் பன்மடங்கு செலவு வைக்கும்.

பள்ளத்தின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பது காசு கொடுத்துக் கொசு வளர்ப்பதாகும். அழகுக்காக வாங்கும் செடிகளில் பல, கோடையில் கருகிவிடும். வெட்டிவேர், நொச்சி, அருகு ஆகியவை வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும்.

பிசானப் பருவ நெல் நடவு தொடங்கிவிட்டால் தாமிரபரணிக் கரை ஊர்களில் வெட்டுக்கு ஆள் கிடைப்பது அரிது. ஆடியில் வெட்டி ஆவணியில் நட்டு நீரூற்றி வந்தால், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்திருக்கும்.