எரிபொருளுக்கு மரம் வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலி போடுவதும் கன்றுக்குத் தண்ணீர் விடுவதும் புதிதாக இறங்குபவர்களுக்கே தெரியும். அவர்கள் வரிசையாக வந்து விழும் குழிகள் வேறு.

பச்சை எடையை விளைச்சல் என்று எண்ணுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. வெட்டிய அன்று மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். 50% ஈரமுள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 1,900 கிலோகலோரி தரும்; 20 சதவீதத்துக்குக் காய்ந்தால் 3,400. ஒரு டன் பச்சை மரம் அந்த அளவுக்குக் காயும்போது 625 கிலோவாகச் சுருங்கும். ஆனால் கிடைக்கும் மொத்த வெப்பம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும், ஏனென்றால் தண்ணீரை ஆவியாக்க பாய்லருக்குள் வெப்பம் வீணாகாது. மீதி 375 கிலோவுக்கு லாரி வாடகையும் மிச்சம்.

அதைவிட மோசம், பச்சையாகவே சில்லாக்கி (எந்திரத்தில் சிறு துண்டுகளாக நறுக்கி) மலையாகக் குவிப்பது. சில நாளில் குவியலின் நடுவே கைவைத்தால் சுடும், வெண்பூஞ்சை படரும், புளித்த வாடை அடிக்கும். நுண்ணுயிர்கள் தின்பது நீங்கள் விற்க வேண்டிய சரக்கை. பெரிய குவியல் தானாகத் தீப்பிடித்துக்கொள்வதும் உண்டு.

கட்டைகளாகவே காயவிடுங்கள். அடியில் இரண்டு கழிகளைப் போட்டு, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து வையுங்கள். தைலமரமானால் பட்டையை உரித்துவிடுங்கள். அனுப்புவதற்குச் சற்று முன்புதான் சில்லாக்க வேண்டும். ஈரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள்: எடைபோட்ட மாதிரியை 105 டிகிரி செல்சியஸில், எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். குறைந்த எடையை முதல் எடையால் வகுத்தால் ஈரத்தின் பங்கு.

கோடரியால் அடிக்கட்டையைச் சிதைப்பது

வெட்டிய அடிக்கட்டை மீண்டும் துளிர்த்துத்தான் அடுத்த விளைச்சல் வரும்; அந்தத் தளிர் பட்டைக்கு அடியிலிருந்து வருகிறது. பட்டை கிழிந்து மரத்தைவிட்டு விலகினால் வரும் தளிர் காற்றுக்கே ஒடியும். ரம்பத்தால், தரையிலிருந்து 10–15 செ.மீ. உயரத்தில், மழைநீர் தேங்காதபடி சாய்வாக அறுங்கள். பிறகு இரண்டு மூன்று நல்ல தளிர்களை மட்டும் விடுங்கள். தைலமும் சூபாபுலும் (சவுண்டல்) இப்படி நன்றாகத் தழைக்கும். நாம் வழக்கமாக நடும் கடற்கரைச் சவுக்கை நம்பக் கூடாது, மறுநடவுக்குப் பணம் ஒதுக்கியே வைக்க வேண்டும்.

நிலம் முழுக்க ஒரே குளோன்

குளோன் என்றால் ஒரே தாய்மரத்தின் நகல்கள். ஒன்றைத் தாக்கும் பூச்சி எல்லாவற்றையும் தாக்கும்; ஒரு பூச்சி போதும்.

இலையையும் நுனிக்கிளையையும் லாரியில் ஏற்றுவது

வேண்டாம். மண்ணின் சத்து போகும்; அதிலுள்ள பொட்டாசியமும் குளோரினும் பாய்லர் குழாய்களில் கசடாக ஒட்டி, அரிக்கும்.