20 கேஜ் என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

பட்டறைக்குப் புதிதாக வருபவரைச் சுற்றலில் விடும் சொல் கேஜ். கம்பிக்கும் கேஜ், காற்றுக்கும் கேஜ், தண்டவாளத்துக்கும் கேஜ். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. மதுப் பீப்பாய்க்குள் கோல் விட்டு அளப்பவருக்கு அங்கே கேஜர் என்றே பெயர். தெரிந்த ஒன்றோடு ஒப்பிடுவதுதான் வேலை. எதோடு என்று கண்டுபிடித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

படி 1: பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

ரயில் என்றால் இரு தண்டவாளங்களின் உட்புற இடைவெளி. நம் பிராட் கேஜ் 1676 மி.மீ., ஊட்டி மலை ரயிலின் மீட்டர் கேஜ் 1000 மி.மீ. அவ்வளவுதான்.

படி 2: கம்பி என்றால் எண்ணைத் தலைகீழாக வாசியுங்கள்

எண் ஏற ஏறக் கம்பி மெலியும். ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகளில் கம்பியை இழுத்து இழுத்துத்தான் மெல்லியதாக்குவார்கள். அந்த இழுப்புக் கணக்கே எண்ணாக நின்றுவிட்டது.

படி 3: எந்த அட்டவணை என்று கேளுங்கள்

இங்கேதான் காசு போகும். ஆளுக்கொரு கணக்காக இருந்ததை பிரிட்டன் 1884-ல் எஸ்.டபிள்யூ.ஜி. (ஸ்டாண்டர்ட் ஒயர் கேஜ்) என்று ஒழுங்குபடுத்தியது. அமெரிக்காவுக்கு ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்கன் ஒயர் கேஜ்) என்று தனிக் கணக்கு. 20 என்பது முதலாவதில் 0.914 மி.மீ., இரண்டாவதில் 0.812 மி.மீ. சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். குறுக்குவெட்டுப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. எஸ்.டபிள்யூ.ஜி. கேட்ட இடத்தில் அந்த மெல்லிய கம்பியை வைத்து மோட்டாருக்குக் காயில் கட்டினால் சூடு ஏறும். நம் ரீவைண்டிங் கடைகளில் புழங்குவது எஸ்.டபிள்யூ.ஜி. எலக்ட்ரானிக்ஸ் ஒயரில் பெரும்பாலும் மற்றது. சந்தேகம் வந்தால் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்து, மி.மீ. அளவைச் சொல்லி வாங்குங்கள்.

படி 4: அழுத்தம் என்றால் வெளிக்காற்றைக் கூட்டுங்கள்

பஞ்சரான டயரில் கேஜ் பூஜ்யம் காட்டும். உள்ளே காற்றே இல்லை என்று பொருளல்ல, வெளியே இருக்கும் அழுத்தமே உள்ளேயும் இருக்கிறது. வாயுச் சூத்திரங்களில் போடும்போது கேஜ் காட்டும் எண்ணோடு வெளிக்காற்றின் அழுத்தமான ஏறக்குறைய 1.013 பார் (அழுத்த அலகு) சேர்க்க வேண்டும்.

படி 5: எண்ணே காட்டாத கேஜ்

அப்புறம், கோ, நோ-கோ கேஜ்: துளை சரியான அளவா என்று நுழைத்துப் பார்க்கும் இருமுனை உருளை. 20 எச்7 துளைக்கு (20 மி.மீ. துளை, எவ்வளவு கூடலாம் என்பதற்கான குறி எச்7) ஒரு முனை 20.000 மி.மீ., மறுமுனை 20.021 மி.மீ. முதல் முனை நுழைய வேண்டும், இரண்டாவது நுழையவே கூடாது. முதல் முனையே நுழையவில்லையா? இன்னும் கொஞ்சம் கடையலாம். இரண்டும் நுழைந்தால் ஸ்கிராப். நுழையாததை அழுத்தித் திணித்துப் பார்க்காதீர்கள், கேஜ்தான் தேயும்.