காகிதத் திமிங்கலத்தின் வால் கோணியது ஏன்?

ஓரிகாமி (காகித மடிப்புக் கலை) திமிங்கலத்தைக் கடைசியில் இரண்டாக மடித்தால், வாலின் ஒரு பாதி மற்றதைவிட அகலமாக எட்டிப் பார்த்தது. மெல்லிய தாள் மாற்றினேன், ஸ்கேலால் மடிப்பைத் தேய்த்தேன். பலனில்லை, நாட்கள்தான் போயின.

கோளாறு நான் எடுத்த ஏ4 தாளில். அதன் மூலை சரியான 90 டிகிரி இல்லை. மூலைவிட்டமாக மடித்து, மீதிப் பட்டையை வெட்டிச் சதுரம் எடுக்கிறோம் அல்லவா? அந்த மடிப்பில் ஓரங்கள் எப்படியும் பொருந்திவிடும். அதை நம்பக் கூடாது. குறுக்கே மற்ற மூலைவிட்டத்தில் மடித்தேன். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் அப்போதுதான் தெரிந்தது. என் திமிங்கலத்தின் முதுகும் அந்த இரண்டாவது கோட்டில்தான் இருந்தது.

வேறு தாள் தேடவில்லை. வெட்டும்போது போட்ட முதல் மடிப்பையே முதுகாக வைத்து, இரு ஓரங்களையும் அதை நோக்கி மடித்தேன். வால் கச்சிதமாகச் சேர்ந்தது. திமிங்கலத்துக்கு இது போதும். நான்கு மூலையும் சமமாக வேண்டிய உருவங்களுக்கு உதவாது.